தலச்சோறு முதல் கர்ப்பபாத்திரம் வரை: நர்சிங் முதல் வருஷத்துக்கு ஒரு வழி

அனாட்டமி புத்தகத்தில் மூளை நடுவில் எங்கேயோ வரும், இனப்பெருக்க உறுப்புகள் கடைசியில் வரும். மூளை கஷ்டம் என்று தள்ளிவைப்பார்கள், மற்றது கூச்சம் என்று வேகமாகப் புரட்டிவிடுவார்கள். பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னால் ரெண்டையும் தனித்தனியாக உருப்போட்டு, எழுதிவிட்டு வெளியே வரும்போதே மறந்துபோவார்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளிடம் வருஷா வருஷம் இதைத்தான் பார்க்கிறேன். அதனால் வந்த முதல் நாளே சொல்லிவிடுவேன், இது ரெண்டு பாடம் இல்லை, ஒரே பாடம், மேலிருந்து கீழே படிக்க வேண்டும். மாதாமாதம் கருப்பையில் நடப்பதற்கு உத்தரவு மண்டைக்குள்ளே, மூக்குக்குப் பின்னால் இருக்கிற ஒரு பட்டாணி அளவு சுரப்பி வழியாக வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் கயிறு பிடித்து இறங்குகிற மாதிரி வந்துவிடும்.

முதலில் பெயர்கள்

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்திருப்பீர்கள், கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷ், வார்டில் போய் நின்றால் மலையாளம். ஆக ஒரு உறுப்புக்கு மூன்று பெயர். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். இதைச் சலிப்பான வேலை என்று நினைக்காதீர்கள், சிரித்துக்கொண்டே படிக்கலாம். மூளைக்கு மலையாளத்தில் தலச்சோறு. கேட்டவுடன் நமக்கு மண்டைக்குள் யாரோ சோறு வடித்துவைத்த மாதிரி இருக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது. கருப்பை கர்ப்பபாத்திரம், சூலகம் அண்டாசயம் (அண்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), விந்தகம் விருஷணம், மாதவிலக்கு ஆர்த்தவம், தண்டுவடம் சுஷும்னா.

நான்காவதாக ஒரு பத்தியும் போடுங்கள், நோயாளிகள் வாயில் வருகிற சொல்லுக்கு. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். படிக்கிற காலத்தில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் வயசான அம்மா ஒருத்தர், “ரெண்டு மாசமா அடி இறங்குது கண்ணு” என்றார். நான் பேதி என்று குறிப்பு எழுதி, உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் சிஸ்டர் அதைப் பார்த்து என்னைக் கிழித்த கிழியில் வார்டே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாவுக்குக் கருப்பை இறங்கியிருந்தது. உட்கார்ந்து எழுந்தால் கையில் தட்டுப்படுகிற அளவுக்கு. அவர் சரியாகத்தான் சொன்னார், எனக்குத்தான் தமிழ் தெரியவில்லை.

இன்னொன்று, பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். ஆண்குறி, யோனி, விதைப்பை, கருப்பை வாய். கதவைச் சாத்திக்கொண்டு பத்துத் தடவை சொன்னால் போதும். “அந்த இடம்”, “கீழே” என்று சொல்கிற நர்ஸிடம் நோயாளியும் அந்த இடம் என்றுதான் சொல்வார், அது எந்த இடம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை

படத்தைப் பார்த்து மூளையைப் படித்தால் அது படமாகவே நிற்கும். கறிக்கடையில் ஒரு ஆட்டு மூளை வாங்குங்கள். உடைக்காமல் முழுசாக எடுத்துத் தரச் சொல்லுங்கள், காரணம் கேட்டால் படிப்புக்கு என்று சொல்லுங்கள், எங்கள் கடைக்காரர் அதைக் கேட்டதிலிருந்து என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். பச்சையாக இருந்தால் தயிர்க்கட்டி மாதிரி குழையும், கையில் நிற்காது. மஞ்சள் போட்ட கொதிநீரில் சில நிமிஷம் விட்டு எடுத்தால் இறுகிவிடும்.

தட்டில் வைத்துப் பாருங்கள். மேலே ரெண்டு பாதி, நடுவில் பள்ளம், மடிப்பு மடிப்பாக இருப்பது பெருமூளை. பின்னால் வரிவரியாகச் சின்னதாக ஒட்டியிருப்பது சிறுமூளை. அதற்கு அடியில் வெள்ளையாக வால் மாதிரி இறங்குவது மூளைத்தண்டு, அதன் கடைசிப் பகுதி முகுளம், அங்கிருந்து தண்டுவடம். ஆட்டுக்கு முன்பக்கத்தில் ரெண்டு மொட்டு துருத்திக்கொண்டிருக்கும், வாசனைக்கானவை. மனுஷருக்கு அவை ரொம்பச் சின்னது, ஆடு மூக்கால் உலகத்தைப் பார்க்கிறது. ஆட்டு மூளை நூறு கிராம் சொச்சம்தான். மனுஷ மூளை 1,300 முதல் 1,400 கிராம், பெருமூளை பெருத்துப்போய் சிறுமூளையை மேலிருந்து மூடியிருக்கும். முன்மடல், பக்கமடல், பொட்டுமடல், பின்மடல் என்று நான்கு மடல், அதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் சொல்ல எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

நமக்கு வேண்டியது அடிப்பக்கம். மெதுவாகத் திருப்புங்கள். வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி தெரியும், ரெண்டு கண்ணிலிருந்தும் வருகிற பார்வை நரம்புகள் அங்கே குறுக்கே போகின்றன. அதற்குச் சற்றுப் பின்னால், நட்ட நடுவில், ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை அல்லது பிய்ந்துபோன ஒரு சின்னக் காம்பு இருக்கும். அங்கே தொங்கியதுதான் பிட்யூட்டரி. எங்கே அது என்று தேடாதீர்கள். மூளையை வெளியே எடுக்கும்போது காம்பு அறுந்து, சுரப்பி மண்டையோட்டின் குழியிலேயே தங்கிவிடும். மனுஷருக்கும் அதே ஏற்பாடுதான். குதிரைச் சேணம் மாதிரி குழிந்த ஒரு எலும்பு இருக்கை, அதில் அரை கிராம் எடையில் பட்டாணியாக அது உட்கார்ந்திருக்கிறது. அதில் கட்டி வந்தால் பெரும்பாலும் மூக்கு வழியாகவே போய் எடுக்கிறார்கள் என்பதை நினைத்தால் இடம் மறக்காது. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் அந்தப் பெருக்கல் குறியை அழுத்தி, ரெண்டு ஓரத்துப் பார்வையும் மங்கும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பிடித்தமான கேள்வி இது.

காம்பு தொங்கிய இடத்துக்கு நேர் மேலே, மூளையின் அடிவயிறு என்று சொல்லலாம், அதுதான் ஹைப்போதலாமஸ். மனுஷரில் 4 கிராம் வரும், பாதாம் பருப்பு அளவு. பசி, தாகம், உடம்புச் சூடு, தூக்கம் எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறது, நம் பாடத்துக்கும் இதுதான் தலைவாசல்.

ஆழியாறும் மணக்கடவும்

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள், ஹார்மோன் பெயர்கள் வரிசையாக வந்து விழும். நான் தண்ணீரை வைத்துச் சொல்வேன். தமிழ்நாட்டின் ஆழியாறு அணையிலிருந்து விடுகிற தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் அளக்கப்பட்டு நம் சித்தூர் வாய்க்கால்களுக்கு வருகிறது, 1970 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹைப்போதலாமஸ் ஆழியாறு. பிட்யூட்டரி மணக்கடவு. வயல் என்பது பெண்ணுக்குச் சூலகம், ஆணுக்கு விந்தகம்.

மேலிருந்து வருவது ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன். அதைப் பெற்றதும் பிட்யூட்டரியின் முன்பாதி எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் என்ற ரெண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. அவை கீழே போய் வயலை விளையவைக்கின்றன: சூலகத்தில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன், கருமுட்டை, விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோன், விந்தணு. வயல் நிறைந்ததும் “போதும், மடையை அடை” என்று மேலே தகவல் போகும், அந்தத் தகவலே ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும்தான். ஆணும் பெண்ணும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்கார்வார்கள், ஏனென்றால் மணக்கடவு வரைக்கும் எல்லாருக்கும் ஒரே ஹார்மோன்கள்தான்.

ரெண்டு விஷயம் மட்டும் கூடுதலாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தத் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். கருமுட்டை வளரும் நாட்களில் சுமார் 60 முதல் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு துடிப்பு. முறை தவறி ஓயாமல் விட்டுக்கொண்டே இருந்தால் பிட்யூட்டரி சில வாரத்தில் மரத்துப்போய் மடையை மூடிவிடும். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வருகிற புற்றுநோய்க்குப் போடுகிற ஒருவகை ஊசி இந்தக் குணத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. ரெண்டாவது, என் உவமை கவிழ்கிற இடம். மாதத்தின் நடுவில் ஈஸ்ட்ரோஜன் ரொம்ப உயர்ந்து ரெண்டு நாள் போல நின்றால், “போதும்” என்பது தலைகீழாகி “இன்னும் விடு” என்று ஆகிவிடும். எல்ஹெச் வெள்ளமாக வரும், அது ஏறத் தொடங்கி ஏறக்குறைய 36 மணி நேரத்தில் அது இருந்த பை வெடித்துக் கருமுட்டை வெளியே வரும். எந்த விவசாயியும் நிறைந்த வயலுக்கு மறுபடி தண்ணி கேட்க மாட்டான், ஆனால் உடம்பு கேட்கிறது.

இனி கீழே: பெண்ணுக்கு

படம் போடுங்கள். முன்பக்கத் தோற்றத்தை எல்லாரும் ஆட்டுத்தலை மாதிரி அழகாகப் போட்டுவிடுவார்கள், ரெண்டு கொம்பாக ரெண்டு குழாயும். முதலில் பக்கவாட்டுத் தோற்றத்தைப் போடுங்கள், அதில்தான் உண்மை தெரியும். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் கருப்பை. கருப்பை உங்கள் கையை மூடினால் வருகிற முட்டி அளவு, கவிழ்த்த கொய்யாப்பழம் மாதிரி, நீளம் சுமார் 7.5 சென்டிமீட்டர். பெரும்பாலான பெண்களுக்கு அது முன்னால் சாய்ந்து சிறுநீர்ப்பை மேலே படுத்திருக்கும். வயிற்றுக்கு மேலே வைத்து ஸ்கேன் எடுக்கும்போது தண்ணி குடித்துவிட்டு வா என்று சொல்வது ஏன் என்று இப்போது யோசித்துப் பாருங்கள்: நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளும், அந்த நீர் வழியாகப் பார்த்தால் கருப்பை தெளிவாகத் தெரியும்.

கீழே மூன்று வாசல், மூன்றும் தனித்தனி. முன்னால் சிறுநீர்த் துளை, நடுவில் யோனி, பின்னால் ஆசனவாய். சிறுநீரும் தீட்டும் ஒரே வழி என்று நினைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்த பிள்ளைகளை நான் வருஷத்துக்கு ரெண்டு மூன்று பேராவது பார்க்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சொல்லித்தரவில்லை அவ்வளவுதான். பெண்ணின் சிறுநீர்க் குழாய் 4 சென்டிமீட்டர்தான், ஆணுக்கு ஏறக்குறைய 20. பெண்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம். கதீட்டர், அதாவது சிறுநீர் வடிக்கிற குழாய், போடும்போதும் இது உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சூலகம் பாதாம் கொட்டை அளவு, இரண்டு பக்கமும். பிறக்கும்போது அதில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் கருவிலேயே தயாராகி இருக்கும், வயசுக்கு வரும்போது 3, 4 லட்சமாகக் குறைந்துவிடும், ஆயுசு முழுக்க வெளியே வருவது சுமார் 400தான். கருக்குழாய் சூலகத்தோடு நேராக ஒட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அதன் வாயில் விரல் விரலாக இருக்கும் ஓரம் சூலகத்தின் மேலே தடவி, வெளியே வந்த முட்டையை வாரி எடுத்துக்கொள்கிறது. குழாய் 10 முதல் 12 சென்டிமீட்டர், விந்தணு முட்டையைச் சந்திப்பது அதன் அகன்ற பகுதியில், அதாவது கருப்பைக்கு வெளியே. சந்தித்த கரு அங்கேயே தங்கிவிட்டால்தான் குழாய்க் கர்ப்பம், வெடித்தால் உயிருக்கு ஆபத்து. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனில் தொடுவது இந்தக் குழாயைத்தான். கருப்பையும் சூலகமும் அப்படியே இருக்கும், மாதவிலக்கு வழக்கம் போல வரும். வார்டில் உங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

பாடப்புத்தகம் பாதி மறைக்கிற உறுப்பு கிளிட்டோரிஸ், பெண்ணின் இன்ப உணர்வுக்கான உறுப்பு. படத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பெரும்பகுதி உள்ளே இருக்கிறது, ரெண்டு கால் விரித்து யோனியின் இருபுறமும் போகிறது. ஆஸ்திரேலியாவின் ஹெலன் ஓகானெல் 1998இல் இதை அறுத்துப் பார்த்து விவரமாக எழுதினார். கருவில் ஆண்குறி எந்தத் திசுவிலிருந்து வருகிறதோ அதே திசுவிலிருந்துதான் இதுவும் வருகிறது. படத்தில் முழுசாகப் போடுங்கள், மார்க் குறைத்தால் என்னிடம் வாருங்கள்.

ஆணுக்கு

மறுபடி அதே கறிக்கடை, இந்தத் தடவை ஆட்டு விதை, அதாவது விந்தகம், கேளுங்கள், வாங்குகிறவர்கள் குறைவு, இருந்தால் எடுத்து வைப்பார். நீளவாக்கில் பிளந்தால் வெளியே வெள்ளையாகத் தடித்த உறை, கத்தி முதலில் வழுக்கும். உள்ளே வெளிறிய, மெதுவான சதை, முள்கரண்டி நுனியால் இழுத்தால் நூல் நூலாக வரும், அந்த நூல்தான் விந்தணு உண்டாகும் குழல். ஒரு ஓரத்தில் கயிறு சுருட்டி ஒட்டிவைத்த மாதிரி இருப்பது எபிடிடிமிஸ், விந்தணு தங்கி முதிர்கிற குழாய். மனுஷரில் அதை நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும், ஒரு சேலையை விட நீளம்.

விந்தணு போகிற வழி சுற்றுவழி. விதைப்பையில் கிளம்பி, விந்துநாளத்தில் ஏறி, தொடை இடுக்கு வழியாக வயிற்றுக்குள் நுழைந்து, சிறுநீர்ப்பையைப் பின்பக்கமாகச் சுற்றி, விந்துப்பையின் குழாயோடு சேர்ந்து, புராஸ்டேட்டைத் துளைத்து, சிறுநீர்க் குழாயில் விழுந்து வெளியே வருகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போக பொள்ளாச்சி போய்ச் சுற்றி வருகிற மாதிரி. ஏன் இப்படி? விந்தகம் கருவில் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகிறது. பிறப்பதற்கு முன் கடைசி மாதங்களில் தன் ரத்தக்குழாய், நரம்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. இதைப் புரிந்துகொண்டால் ஒரு கொத்து விஷயம் தானாக அவிழும். சிறுநீரகக் கல் வலி விதைப்பைக்குப் பரவுவது ஏன், ஆண்களுக்குக் குடலிறக்கம் தொடை இடுக்கில் அதிகம் வருவது ஏன், பிறந்த குழந்தைக்கு ரெண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது ஏன், எல்லாம் இந்த ஒரே பயணத்தின் மிச்சம்.

இறங்குவதும் காரணமில்லாமல் இல்லை. விந்தணு நன்றாக உருவாக உடம்புச் சூட்டை விட 2, 3 டிகிரி குறைவாக வேண்டும். குளிரில் விதைப்பை சுருங்கி மேலே ஏறும், வெயிலில் தொங்கும். ஒரு விந்தணு தயாராக ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகும், அதனால் கடும் காய்ச்சல் வந்துபோனவரின் பரிசோதனையில் எண்ணிக்கை சில வாரம் கழித்துக் குறைந்து தெரியலாம். வாசெக்டமியில், அதாவது ஆண்களுக்கான குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனில், வெட்டுவது விந்துநாளத்தை மட்டும். டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் போகிறது, நாளத்தில் இல்லை, அதனால் பலம் குறையாது, மீசை உதிராது, மூட்டை தூக்க முடியாமல் போகாது. நம் ஊரில் பெண்ணை மட்டும் ஆபரேஷனுக்கு அனுப்புகிற வழக்கத்துக்கு இந்த ஒரு வரி தெரியாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ரெண்டையும் சேர்த்துக் கட்டுவது

இப்போது நோட்டில் ஒரு முழுப்பக்கம் எடுத்து, மேலே மூளை, கீழே கருப்பை, நடுவில் அம்புக்குறி போட்டு, உங்களுக்குத் தெரிந்த மூன்று சம்பவங்களை அதில் ஓட்டிப் பாருங்கள்.

ஒன்று, பெண் வயசுக்கு வருவது. சடங்கு அன்றைக்குத்தான் எல்லாம் தொடங்கியது என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் சில வருஷம் முன்பே, அவள் தூங்கிக்கொண்டிருக்கும் ராத்திரியில், ஹைப்போதலாமஸ் முறைத்தண்ணி விட ஆரம்பித்திருக்கும். முதலில் மார்பு, அப்புறம் உயரம், அதற்கெல்லாம் பின்னால்தான் ரத்தம்.

ரெண்டு, விடுதிப் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோவது. முதல் வருஷம் சரியாகச் சாப்பிடாமல், எடை குறைந்து, பரீட்சை பயத்தில் இருப்பார்கள், ரெண்டு மாசம் வராது. கருப்பையில் ஒரு கோளாறும் இருக்காது, மேலே மடை அடைபட்டிருக்கும். ஆனால் நீங்களே முடிவு கட்டாதீர்கள், கர்ப்பம், தைராய்டு, சூலக நீர்க்கட்டி எல்லாமும் காரணமாக இருக்கலாம், மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்று, பால். மாடு வைத்திருக்கும் வீட்டில் விடிகாலையில் போய் நில்லுங்கள். கன்றை அவிழ்த்துவிட்டால் ஓடிவந்து மடியை முட்டும், நாலு இழுப்பு இழுக்கும், கொஞ்ச நேரத்தில் காம்பு திரண்டு பால் இறங்கும். சுரப்பு விட்டிருச்சு என்று கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்க உட்கார்வார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்தது இதுதான்: காம்பிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி ஹைப்போதலாமஸ் போய், அங்கே உண்டான ஆக்ஸிடோசின் பிட்யூட்டரியின் பின்பாதி வழியாக ரத்தத்தில் கலந்து, மடிக்கு வந்து பாலைத் தள்ளியது. பின்பாதி ஹார்மோனை உண்டாக்குவதில்லை, மூளை உண்டாக்கியதை வைத்திருந்து விடுகிறது. முன்பாதி தானே உண்டாக்குகிறது. கருவில் முன்பாதி வாயின் கூரையிலிருந்து மேலே ஏறி வந்தது, பின்பாதி மூளையிலிருந்து கீழே வளர்ந்தது, ரெண்டும் நடுவழியில் ஒட்டிக்கொண்டன. பிரசவமான தாய்க்கும் இதே வழிதான், குழந்தை சப்பும்போது அதே ஆக்ஸிடோசின் கருப்பையையும் சுருக்கும், அதனால்தான் முதல் நாட்களில் பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது என்பார்கள். பயந்துபோன மாடு சுரப்பு விடாது. லேபர் வார்டில் யாரும் அதட்டக் கூடாது என்று நான் சண்டை போடுவதும் இதனால்தான்.

கறிக்கடைக்கு ஆறு மணிக்கே போய்விடுங்கள். ஏழரைக்கு மேல் மூளை இருக்காது, முழுசாக எடுத்துத் தர அவருக்கும் பொறுமை இருக்காது.